பர்னபாஸ் என்று பெயர் எழுதிய பொய்க்கப்பல்

அலை தூக்கும்போது வெள்ளியாகவும் இறக்கும்போது கறுப்பாகவும் தெரிந்துகொண்டிருக்கிறது அது, மேற்கே சூரியன் கடலைத் தொடப் போகிற நேரம், கப்பலின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் உற்றுப் பார்க்கிறார்கள், கிட்டே வர வர அது மனிதன் இல்லை, வள்ளம் இல்லை, வள்ளத்தின் உடைந்த பலகைகூட இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெளிகிறது, ஓர் அறை அளவுக்கு ஊதிப் பெருத்த வெள்ளித் துணி, அது ஒருதரம் சோம்பலாகப் புரள்கிறது, புரளும்போது அதன் வயிற்றில் கறுப்பு வண்ணத்தில் எழுதிய எழுத்துகள் தண்ணீர் சொட்ட மேலே வருகின்றன, பர்னபாஸ், கிளீட்டஸின் கையெழுத்து, கிளீட்டஸின் அண்ணன் பெயர்.

சாயா ஆறிப்போச்சு தம்பி, குடி, என்கிறாள் ரோணிக்கம் மைனி, அவன் திடுக்கிட்டுக் கையிலிருக்கும் தம்ளரைப் பார்க்கிறான், கடல் போய்விட்டது, பூவரசு மரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியான வெயிலில் மினுங்கும் சாளை மீன் சட்டி, அதன் முன்னால் குந்தியிருக்கும் அண்ணன் மனைவி, தன் மடியில் தான் இறுக்கிப் பிடித்திருக்கும் துணிப்பை, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவன், அந்த மீசைக்கும் நடைக்கும் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள், அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு பெண்பிள்ளை மீன் அரிவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறான், பேருந்தில் வரும்போது அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், மைனி அந்தக் கப்பல் எனக்க கப்பல்தான், அவ்வளவுதான் வாக்கியம், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஆனால் அதைச் சொன்ன மாத்திரத்தில் இந்த வீட்டில் அண்ணன் செத்துப்போவார்.

ஊருக்கு அவர் எப்போதோ செத்துவிட்டார், மைனிக்குத்தான் சாகவில்லை. கொச்சிக்கு மேற்கே ஆழ்கடலில் அண்ணனும் கூட்டாளி அருளப்பனும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சரக்குக் கப்பல் விடிகிற நேரத்தில் அவர்களுடைய பைபர் வள்ளத்தை இரண்டாகப் பிளந்துவிட்டு நிற்காமல் போனது, எங்கள் ரேடாரில் அங்கே எதுவுமே இல்லை என்று அந்தக் கப்பல்காரர்கள் பிற்பாடு எழுதிக் கொடுத்தார்கள், எதுவுமே இல்லாத அந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரு காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பகல் முழுக்கக் கிடந்தார்கள், சாயங்காலம் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் தெரிந்தது, இவர்களை நோக்கித்தான் வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு என்ன தோன்றியதோ மூக்கைத் திருப்பிக்கொண்டு வடக்கே போனது, அண்ணன் கேனை அருளப்பனிடம் விட்டுவிட்டு அந்தக் கப்பலைப் பார்த்து நீந்திப் போனார், மறுநாள் ஒரு விசைப்படகு அருளப்பனை மட்டும் தூக்கிக் கரைசேர்த்தது. நீந்திப் போனாருன்னுதானே அருளப்பன் செல்லுதான், மூழ்கினாருன்னு செல்லல்லியே, என்று மைனி அன்றைக்கே பிடித்துக்கொண்டாள், கப்பல் திரும்பி வந்து தூக்கியிருக்கும், ஏதாவது வெளிநாட்டுப் பட்டாளக் கப்பலா இருக்கும், பாஷை தெரியாம எங்கயோ கெடக்காரு, வருவாரு. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, மருமகன் ஆன்றோ வள்ளம் வைத்துத் தொழிலுக்குப் போகிறான், மைனி இன்னும் தாலியோடு இருக்கிறாள், நிறப் புடவை கட்டுகிறாள், மீன் குழம்பில் ஒரு துண்டு எடுத்து மூடி வைக்கிறாள்.

உடல் கரையேறாதவர்களுக்கு இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு, பெட்டிக்குள் அவர் உடுத்த சட்டையையும் சாரத்தையும் மடித்து வைத்து, தலைமாட்டில் அவர் பிடித்த துடுப்பின் பிடியை அறுத்து வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள், ஆளில்லாத பெட்டிதான், ஆனாலும் தூக்குகிற நாலு பேரும் கனக்கிறது என்றுதான் சொல்வார்கள். வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பர்னபாசுக்கும் அதைச் செய்துவிடலாம் என்று பங்குச் சாமியாரும் சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்தபோது மைனி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாளாம், கிளீட்டஸ் வரட்டும், கடலறிஞ்சவன், கப்பலறிஞ்சவன், அவன் செல்லட்டும், பெறவு பாக்கலாம். அவனோ ஓய்வுபெற்ற பிறகும் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கால்வலி, மழை, பேருந்து இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான், இன்றைக்குத்தான் வந்திருக்கிறான்.

அவள் செதில் சீவுகிறாள், செதில்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து வெயிலில் மின்னித் தரையில் விழுகின்றன, இப்படித்தான் விழும் அதுவும், அலுமினியத் துணுக்குகளாக வானத்தில் வெடித்துச் சிதறி, நாங்கள் ஜரிகை என்போம் அண்ணே, என்று இதே மரத்தடியில் விடுமுறைக்கு வந்த கிளீட்டஸ் சொல்லிக்கொண்டிருக்கிறான், அண்ணன் பர்னபாஸ் வலையின் கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், லேய், ஒனக்க கப்பல்ல நீ என்னடே வேல பாக்க, பீரங்கியா வெடிக்க, இல்லண்ணே, பொய் செல்லுத வேல, அதுக்கா சர்க்கார் சம்பளம் தருது, நம்ம ஊர்ல சும்மாவே செய்ய ஆளு உண்டே, மைனி அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள். அவன் ரோஷத்தோடு விளக்குகிறான், எங்கிருந்தோ ஓர் ஏவுகணை வரும் அண்ணே, அதுக்க மூக்குல ஒரு கண்ணு உண்டு, அந்தக் கண்ணுக்கு இரும்பும் தெரியாது மனுசனும் தெரியாது, அது ஒரு அலைய அனுப்பும், எங்க பட்டு அது பலமாத் திரும்பி வருதோ அதுதான் அதுக்குக் கப்பல், அதனால நாங்க ஜரிகையத் தூவி மேகம் மாதிரி நிறுத்துவோம், இல்லேன்னா பொய்க்கப்பலத் தண்ணியில எறிவோம், ஒரு டிரம்முதான், விழுந்ததும் தானா ஊதிப் பெருக்கும், வெள்ளித் துணிய உள்ள மூலை மூலையாத் தச்சிருக்கும், சொவரும் சொவரும் தரையும் கூடுத மூலையில பந்த எறிஞ்சா எறிஞ்சவன் கைக்கே வருமில்லியா, அது மாதிரி வந்த அலையெல்லாம் வந்த வழிக்கே போவும், ஏவுகணைக்குப் பாத்தா அம்மாடி எவ்வளவு பெரிய கப்பலுன்னு தோணும், அதப் போய் அடிக்கும், நாங்க தப்பிச்சிருவோம்.

அண்ணன் கால்விரலிலிருந்து வலையை எடுத்துவிட்டார், முகத்தில் சிரிப்பில்லை, அப்பொ ஒரு துணிப்பந்து கப்பலுன்னு தெரியும், எனக்க வள்ளத்துல மனுசன் இருந்தாலும் இஞ்சின் இருந்தாலும் வெளக்கே எரிஞ்சாலும் எந்தக் கப்பலுக்காரனுக்கும் தெரியாது, என்னடே நியாயம் இது. பைபர் அண்ணே, அலை அதுல பட்டுத் திரும்பாது, ஊடே போயிரும். அந்தத் துணியில ஒரு துண்டு கொண்டு வாலே, கம்புல கெட்டிப்போடுதேன், பாக்கட்டும் பயலுவ. சேச்சே, அது சர்க்கார் சாமான் அண்ணே, ஒரு நூல் காணாமப்போனாலும் விசாரண வரும். அண்ணன் செரி, நீ ஒனக்க சர்க்காரக் காப்பாத்து, என்று மறுபடி வலையைக் கால்விரலில் மாட்டிக்கொண்டார், கோபமில்லை, அவருக்குத் தம்பிமேல் கோபமே வராது, வந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று கிளீட்டஸ் நினைத்துக்கொள்கிறான்.

என்னத்த யோசிக்க, என்கிறாள் மைனி, ஒண்ணுமில்ல மைனி, என்று சாயாவை ஒரு மடக்குக் குடிக்கிறான், இனிப்பு கூடுதலாக இருக்கிறது, அவனுக்குக் கூடுதல் இனிப்புப் பிடிக்கும் என்று இந்த வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டவள் இவள், கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனைத் துரத்தி அனுப்பியவர் அண்ணன், நீ எங்கள மாதிரி இந்தக் கஷ்டத்துல கெடக்கண்டாம்லே, பெரிய கப்பல்ல போ, பெரிய கப்பல எவனும் பாப்பான். அதற்கும் முன்னால், அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், விளையாட்டாக அப்பாவின் வள்ளத்தின் நங்கூரக் கயிற்றை அவிழ்த்துவிட்டான், வள்ளம் தன்பாட்டுக்கு நீவாட்டு நீரோட்டத்தில் போய்ப் பாறையில் மோதியது, அப்பா திருக்கைவாலை எடுத்துக்கொண்டு வருகிறார், காய்ந்த திருக்கைவால் காற்றில் சுழலும்போதே ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் வலைக்குவியலுக்குப் பின்னால் பதுங்கிவிட்டான், எவம்லே கயித்த அவுத்தது, நான்தான் அப்பா, என்கிறது அண்ணன் குரல், அடி விழுகிறது, மறுபடி விழுகிறது, வலையின் கண்கள் வழியாக அவனுக்கு அண்ணனின் கால்கள் மட்டும் தெரிகின்றன, அவை நகரவே இல்லை, அப்பா களைத்துப் போன பிறகு அந்தக் கால்கள் அவனிடம் நடந்து வருகின்றன, பயந்துட்டியாலே, என்று அண்ணன் அவனைத்தான் தேற்றுகிறார், முதுகெல்லாம் ரத்தக்கோடு, அதை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

பல்பீர் சிங்குக்கு இந்தக் கதையைச் சொன்னது அவன்தான், பல்பீர் அவனோடு பொய்க்கப்பல் பிரிவில் வேலை பார்த்த சர்தார், அவன் ஏற்படுத்தி வைத்த பழக்கம் ஒன்று இருந்தது, பெயர் இல்லாத சாமான் யாருக்காகவும் உயிரை விடாது என்பான், ஒவ்வொரு பொய்க்கப்பலையும் டிரம்முக்குள் மடித்து அடைப்பதற்கு முன்னால் அதன் வயிற்றில் ஒரு பெயர் எழுத வேண்டும், சும்மா ஒரு பெயர் இல்லை, சின்ன வயதில் உனக்காக அடி வாங்கிய ஆள் யாரோ அவர் பெயர், பல்பீர் தன் அக்கா பெயரை எழுதினான், ஒடிசாக்காரன் ஒருவன் தன் பள்ளிக்கூட நண்பன் பெயரை எழுதினான், அதிகாரிகள் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார்கள், உன்னுடையது யார் கிளீட்டஸ் என்று பல்பீர் தூரிகையை நீட்டினான், யோசிக்க என்ன இருக்கிறது, தமிழில் பெரிதாக, வெள்ளித் துணி முழுக்க வருகிற மாதிரி எழுதினான், எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது, நெஞ்சில் ஒரு சின்ன நடுக்கம்கூட வரவில்லை, வந்திருக்க வேண்டாமா.

அந்த நாள் நல்ல வெயில் நாள், கொச்சிக்கு வெளியே பயிற்சி, ஒரு விமானம் ஏவுகணை மாதிரி நடித்துக்கொண்டு தாழப் பறந்து வர வேண்டும், அதன் ரேடார் கப்பலைப் பிடிக்கிறதா பொய்யைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், பர்னபாஸ் தண்ணீரில் விழுந்து ஊதிப் பெருத்துக் கயிற்றின் முனையில் துள்ளிக்கொண்டு நின்றது, விமானம் கப்பலை விட்டுவிட்டு நேராக அதன்மேல் போனது, எல்லோரும் கைதட்டினார்கள், பல்பீர் அவன் தோளில் ஓங்கித் தட்டி உன் அண்ணன் போய்விட்டார், நாம் பிழைத்தோம் என்று சிரித்தான், கிளீட்டசும் சிரித்தான், சிரித்தது இன்றைக்கும் காதில் கேட்கிறது. பிறகு காற்று எழுந்தது, கயிறு அறுந்தது, பொய்க்கப்பல் அலையோடு போய்விட்டது, பாதகமில்லை, அதன் அடியில் உப்புத் தண்ணீரில் கரைகிற மாதிரி ஓர் அடைப்பு உண்டு, சில மணி நேரத்தில் கரைந்து காற்று இறங்கித் தானாக மூழ்கிவிடும், அதனால் ஒருவரும் பின்னால் போகவில்லை. மத்தியானம் செய்தி வந்தது, மீன்பிடி வள்ளம் ஒன்றைக் காணவில்லை, பக்கத்தில் தொழில் செய்தவர்கள் உடைந்த பலகைகளைப் பார்த்திருக்கிறார்கள், அருகிலிருக்கும் கப்பல்கள் தேடவும், வள்ளத்தின் பெயர் பனிமய அன்னை. சார் அது என் அண்ணனுடைய வள்ளம், என்று கிளீட்டஸ் சொன்னபோது கேப்டன் அவன் தோளில் கைவைத்தார், நல்ல மனிதர், முழு வேகத்தில் விடச் சொன்னார், நீயே வந்து திரையைப் பார், இந்தக் கப்பலில் உன்னைவிட நல்ல கண் யாருக்கு இருக்கிறது.

அந்த இருட்டறை, ரேடார் திரையின் பச்சை வெளிச்சம், குளிரூட்டியின் இரைச்சல், கனவில் அவன் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், திரையில் எதிரே ஒரு புள்ளி தெரிகிறது, புள்ளி என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிகிறது, மறைகிறது, அலையின் முதுகாக இருக்கலாம், பறவையாக இருக்கலாம், அதைப் பார்த்துத்தான் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது, அப்போது வடக்கே இன்னொன்று எழுகிறது, பெரிதாக, பளிச்சென்று, அசையாமல், நான் இங்கே இருக்கிறேன் என்று கூப்பிடுகிற மாதிரி. கிளீட்டஸ், கேப்டன் குரல், அது நம்முடையதா. பைபர் வள்ளம் ஒருநாளும் அப்படிப் பதில் தராது என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன், உலகத்தில் யார் ஏமாந்தாலும் ஏமாறக்கூடாதவன், ஆனால் அந்த நிமிடம் அவனுக்கு அண்ணன் வேண்டும், முழுதாக வேண்டும், பெரிதாக வேண்டும், தெரிந்து மறைகிற புள்ளியாக வேண்டாம், நம்முடையது இந்நேரம் மூழ்கியிருக்கும் சார், என்றான், பதில் உடனே வந்தது, விதிப்படி அது சரியான பதிலும்கூட, கப்பல் வடக்கே திரும்பியது. திரும்பும்போது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்ததை அவன் உடம்பு இன்னும் வைத்திருக்கிறது, படுக்கையில் புரண்டால் கப்பல் திரும்புகிறது, பேருந்து வளைவில் சாய்ந்தால் கப்பல் திரும்புகிறது. கரையாத அடைப்போடு, கொஞ்சமும் காற்றிறங்காமல், அலையில் புரண்டு அது தன் பெயரைக் காட்டியபோது பல்பீர்தான் முதலில் படித்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த எழுத்துகளின் வடிவம் தெரியும், அதைக் கொக்கியால் இழுத்துக் கத்தியால் கிழித்தான், பெயர் எழுதிய துணியை மட்டும் அறுத்தெடுத்து மடித்துக் கிளீட்டஸின் கையில் வைத்தான், கணக்கில் மூழ்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம், என்றான். அதற்குள் இருட்டிவிட்டது, பழைய இடத்துக்குத் திரும்பிப் போனபோது புள்ளி இல்லை.

அப்புறம் எங்கே பார்த்தாலும் வெள்ளி, கிறிஸ்மஸ் குடிலில் தொங்கும் தாள், பிள்ளைகள் பிரித்துப்போடும் மிட்டாய் உறை, சந்தையில் வாளை மீனின் வயிறு, கனவில் அண்ணன் நீந்தி வருகிறார், கப்பல் ஏணியைப் பிடிக்கிறார், கையைக் கொடுத்துத் தூக்குகிறான், தூக்கினால் கனமே இல்லை, உள்ளே காற்று, துணி. மைனியிடம் சொல்லாததற்கு அவனிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது, கப்பலில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம், சட்டத்துக்குப் பின்னால் மனிதன் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பதுங்கலாம், வலைக்குவியலைவிட வசதியான இடம்.

மைனி, என்கிறான். உம், என்கிறாள், கத்தி ஒரு சாளையின் வயிற்றுக்குள் இறங்குகிறது. அந்தக் கப்பல், அண்ணன் நீந்திப் போனாருன்னு அருளப்பன் செல்லுத கப்பல். உம். எனக்க கப்பல்தான் மைனி. கத்தி நின்றது. அவன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி முடியாது என்று தெரியும், பெயர் எழுதியதை, கயிறு அறுந்ததை, இரண்டு புள்ளிகளை, கேப்டன் கேட்டதை, தான் சொன்னதை, சாய்ந்த நாற்காலியை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கப்பல் யாரையும் தூக்கவில்லை மைனி, அண்ணன் எந்த நாட்டிலும் இல்லை, என்று முடித்தான். மைனி எழுந்தாள், செதில் ஒட்டிய ஈரக் கையால் அவன் முதுகில் அடித்தாள், ஓங்கி அடித்தாள், பாவி, பாவி, என்று மறுபடி மறுபடி அடித்தாள், அவன் நாற்காலியை விட்டு நகரவில்லை, கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாங்கினான், அந்த முதுகில் அதுவரை யாருடைய அடியும் விழுந்ததில்லை, அதெல்லாம் வழியிலேயே வேறு ஆள்மேல் விழுந்துவிட்டது, இதை வாங்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தோம் போலிருக்கிறது என்று அவன் அழுதான்.

அவள் ஓய்ந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், அருளப்பன் எனக்கிட்ட இன்னொண்ணும் செல்லியிருக்கான், ஊர்ல ஒருத்தருக்கிட்டயும் செல்லப்படாதுன்னு நான் அவனுக்கிட்ட சத்தியம் வாங்கினேன், கேன விட்டுட்டுப் போம்போ ஒனக்க அண்ணன் செல்லினாராம், லேய், அது எனக்க தம்பிக்க கப்பல், அவன் என்னப் பாக்காமப் போவமாட்டான், நீ இஞ்ச கெட, நான் போய்க் கூட்டிட்டு வாறேன். கிளீட்டஸுக்குக் காது அடைத்துவிட்டது, மைனியின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது, பூவரசு இலைகள் அசைவது தெரிகிறது, மெல்ல மெல்லச் சத்தம் திரும்பி வருகிறது. ஒனக்கு அது தெரிஞ்சா நீ சங்கடப்படுவன்னு மறச்சேன், என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனா நீ வருவ, செல்லுவன்னு நெனச்சேன், நீ வரவுமில்ல, ஒண்ணும் செல்லவுமில்ல, அப்பொ அது ஒனக்க கப்பல் இல்ல, வேற கப்பல், வேற கப்பலுன்னா அவரத் தூக்கியிருக்கும், உயிரோட இருக்காரு, நீ வாய் தெறக்காம இருந்த ஒவ்வொரு நாளும் அவரு உயிரோட இருந்தாரு தம்பி.

பொய்க்கப்பல் பிரிவில் சேர்ந்த புதிதில் அவன் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், ஏமாந்த ஏவுகணை பொய்க்குள் புகுந்து வெளியே போன பிறகு என்ன செய்யும் சார், அவர் தோளைக் குலுக்கினார், பறந்துகொண்டே இருக்கும், எண்ணெய் தீருகிறவரை எதையாவது தேடும். எண்ணெய் தீர்ந்தது இன்றைக்குத்தான், இந்த மரத்தடியில், மைனி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லாமல் அழுகிறாள். பெட்டிக்கு ஏற்பாடு செய்யச் செல்லு சாமியாருக்கிட்ட, என்றாள் கடைசியில், அவருக்க நீலச் சட்டை இருக்கு, தொவச்சு வச்சிருக்கேன்.

பிறகுதான் அவள் கண் அந்தப் பையின்மேல் விழுந்தது, என்னது அது, அவன் பிரித்து எடுத்துக் கொடுத்தான், வெள்ளித் துணி அவள் மடியில் வழிந்து தரையெல்லாம் வெளிச்சம் தெறித்தது, கறுப்பு எழுத்துகளின் ஓரம் உப்பில் வெளுத்திருந்தது, அவள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பெயரின் ஓர் எழுத்தைத் தடவினாள், அடுத்ததைத் தடவினாள். பெட்டியில வச்சிரலாமா மைனி, என்றான். ரோணிக்கம் அவனை முறைத்தாள், மண்ணுக்குள்ள வச்சா எவன் பாப்பான், ஒருநாள் இதே எடத்துல இருந்து ஒரு துண்டு கேட்டாரே ஒனக்க அண்ணன், நீ சர்க்கார் சாமான்னு செல்லினியே, எனக்குக் கேட்டுது, அடுப்படியில நின்னேன், இப்பொ சர்க்காருக்குத் தெரியாதுல்லியா. தெரியாது மைனி, அவங்க கணக்குல இது மூழ்கிப்போச்சு. அப்பொ ஆன்றோவுக்க வள்ளத்துல கெட்டு.

மருமகன் ஆன்றோ துணியை வாங்கிக் கம்பில் கொடி மாதிரிக் கட்டப் போனான், அப்பிடிக் கெட்டினா பிரயோசனமில்ல மக்கா, என்று கிளீட்டஸ் தடுத்தான், கரையில் கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளால் ஒரு சட்டம் கட்டினான், துணியை வெட்டி இழுத்து, சுவரும் சுவரும் தரையும் கூடுகிற மாதிரி, சுருக்கமில்லாமல், மூலை மூலையாக, நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி வைத்துத் தைத்தான், பெயரை மட்டும் வெட்டவில்லை, அது ஒரு சுவரில் முழுதாக இருக்கட்டும் என்று மைனி சொல்லிவிட்டாள், அவளே ஊசியில் தூண்டில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். வெயில் தாழ்ந்ததும் ஆன்றோவும் கூட்டாளியும் வள்ளத்தைத் தள்ளினார்கள், கம்பின் உச்சியில் பர்னபாஸ், முதல் அலையில் வள்ளம் மூக்கைத் தூக்கியது, இறக்கியது, தூக்கும்போது வெள்ளியாகவும் இறக்கும்போது கறுப்பாகவும் அது போகிறது, மேற்கே சூரியன் கடலைத் தொடப் போகிற நேரம், அவனும் மைனியும் ஈர மணலில் நிற்கிறார்கள், வள்ளம் சிறுத்து, மனிதர்கள் மறைந்து, மின்னல் மட்டும் மிஞ்சுகிறது.

தொடுவானத்தில் ஒரு சரக்குக் கப்பல், பெரியது, அந்த மின்னலுக்கு நேராகத்தான் வருகிறது, மைனியின் விரல்கள் அவன் முழங்கைச் சட்டையைப் பிடித்துக்கொள்கின்றன. தம்பி, என்கிறாள், கப்பல் திரும்புதா. திரும்புகிறது என்று சொல்ல வாய் துடிக்கிறது, அவனுக்கு அது திரும்ப வேண்டும், வேண்டும் என்பதாலேயே அவன் உடனே பதில் சொல்லவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான், கப்பலின் மூக்கு மட்டும்தான் தெரிகிறது, இன்னும் மூக்குதான், பொறுத்திருக்கிறான், அலை ஒன்று வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போகிறது, பிறகு மூக்குக்குப் பின்னால் அதன் விலாப்புறம் கொஞ்சமாக நீள்கிறது, மேல்தட்டுப் பெட்டிகள் ஒன்றாகத் தெரிந்தவை பிரிந்து இரண்டாகின்றன, நாலாகின்றன, முழு நீளமும் தெரிகிறது, வெள்ளி மின்னலை நன்றாகத் தள்ளி விட்டுவிட்டு அது தெற்கே போகிறது.

திரும்பிச்சு மைனி, என்றான், அண்ணனப் பாத்துட்டான்.